வாயைத் திறந்து காட்டினால் மட்டும் போதாது

எங்கட சனம் சத்திரசிகிச்சை என்றவுடன் கேட்கும் முதல் கேள்வி, "ஒப்பரேஷன் செய்யிற டொக்டர் ஆர்? கைராசியான ஆளோ?" என்பதுதான். மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. ஆனால் கத்தி வைக்க முதலே உயிர் அவருடைய கையில் இருக்கிறது.

முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறியதும் நாங்கள் தானாக மூச்சு விடமாட்டோம். மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி இயந்திரத்தால் மூச்சுக் கொடுப்பார்கள். பெரும்பாலானோருக்கு இது சின்ன வேலை. சிலருக்குக் குரல்வளை கண்ணில் படவே படாது. ஒட்சிசன் இல்லாமல் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான்.

2005இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற 37 வயதுத் தாய் சாதாரண சைனஸ் சத்திரசிகிச்சைக்குப் போனார். குழாயும் போகவில்லை, முகமூடியாலும் காற்றுப் போகவில்லை. அனுபவமுள்ள வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் குழாய் போடவே முயன்றார்கள். கழுத்தில் துளையிடும் கருவிகளைத் தாதி கொண்டுவந்து வைத்தும் அவை பயன்படவில்லை. 13 நாட்களில் அவர் இறந்துபோனார். விமானியான அவருடைய கணவர் மார்ட்டின், விமானத்துறையின் பாதுகாப்புப் பழக்கங்களை மருத்துவத்துக்குள் கொண்டுவர இன்றுவரை அறியப்படும் ஒரு இயக்கத்தையே தொடங்கினார்.

இன்று நிலைமை நல்லாக மாறிவிட்டது. நுனியில் கமரா பூட்டிய வீடியோ லரிங்கோஸ்கோப், குரல்வளையைத் திரையில் காட்டுகிறது. இது குழாய் போடுவதில் வரும் தோல்விகளைக் குறைக்கிறது என்று 2022இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. பிரித்தானிய வழிகாட்டி 2015இலேயே ஏ, பி, சி, டி என்று நாலு திட்டங்களை வகுத்துவிட்டது: குழாய், அது முடியாவிட்டால் தொண்டைக்கு மேல் வைக்கும் முகமூடி, அதுவும் முடியாவிட்டால் முகத்தில் வைக்கும் முகமூடி, கடைசியாகக் கழுத்தில் துளை. சேர்வர் விழுந்தால் அடுத்தது என்ன என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் எங்கள் ஐ.டி. வேலையும் இப்படித்தான். ஆனால் எங்களுக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு: தவறான தகவலை உள்ளே போட்டால் எந்தத் திட்டமும் தடுமாறும்.

பிரான்சில் 1994ஆம் ஆண்டு ஆணைப்படி, திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்குப் பல நாட்களுக்கு முன்பே மயக்கமருந்து வைத்தியரைப் பார்த்தாக வேண்டும். அவர் வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வது சும்மா இல்லை. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மல்லம்பட்டி என்ற வைத்தியர் 1985இல் வெளியிட்ட சோதனை அது. நீண்டகால நீரிழிவுக்காரரிடம் கைகூப்பச் சொல்லிப் பார்ப்பவர்களும் உண்டு. உள்ளங்கைகள் முழுதாக ஒட்டாவிட்டால் மூட்டுகள் இறுகியிருக்கலாம், கழுத்தும்தான். எங்கட வணக்கமே ஒரு பரிசோதனை!

பிரச்சினை, அந்த அறையில் நாங்கள் பேசும் விதம். அப்பாவுக்கு மொழிபெயர்க்கப் போவது பிள்ளை. "வெத்திலை போடுவீங்களோ" என்று வைத்தியர் கேட்டால், "எப்பவாவது" என்று பிள்ளை சொல்லிவிடும். மரியாதைதான். ஆனால் பாக்கு நாள்பட மெல்லுவது வாயின் உட்சதையை இறுக்கி, இரண்டு விரல்கூட நுழையாதபடி வாயைக் குறுக்கலாம். குறட்டையைச் சொல்ல வெட்கம், கழற்றி மாட்டும் பல்லைச் சொல்ல வெட்கம். "ஊரில ஒப்பரேஷனில் மூச்சுக்குக் கஷ்டப்பட்டது" என்பது பழைய கதை என்று விட்டுவிடுவார்கள். அதுதான் அந்த அறையில் மிகப் பெறுமதியான தகவல்.

ஆகவே, பிள்ளைகளே, பெற்றோரின் மானத்தைக் காப்பாற்ற அங்கே போகாதீங்கோ. அவர்கள் சொல்வதை அப்படியே சொல்லுங்கோ, தெரியாததைக் கேளுங்கோ. உங்களால் முடியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவமனையிடம் முன்கூட்டியே கேளுங்கோ. அதில் குறைவொன்றும் இல்லை. முன்பு குழாய் போடக் கஷ்டப்பட்டிருந்தால், அதை எழுத்தில் வாங்கி, மருந்துச்சீட்டுகளோடு வைத்திருங்கோ.

கருவிகள் வரும், இன்னும் நல்லதாக வரும். ஆனால் வெத்திலைப்பையை அந்தக் கமரா முன்கூட்டிப் பார்க்காது. அதைச் சொல்ல வேண்டியது நாங்கள்.