கண்ணுக்குப் பகையாகும் இசையேடுகள்

மேலைநாட்டு இசையை எவரும் ஏடாக்கி அச்சிடலாம் என்னும் நிலையைக் கணினி உண்டாக்கிவிட்டது. 1988இல் வெளிவந்த ஃபினாலே முதலிய மென்பொருள்கள் அதற்கு வழிவகுத்தன. வரவேற்கத்தக்கதே. ஆயினும், அச்சிட முடிந்தவரெல்லாம் ஏடு அமைக்கத் தெரிந்தவர் என்று கொள்வது பேதைமை.

ஐரோப்பியச் செதுக்குக் கலைஞன் ஈயக் கலவைத் தகட்டில், எஃகு முத்திரைகளால், இடவலம் மாற்றிச் சுரங்களைப் பதித்தான். இரு மடங்கு நேரம் ஒலிக்கும் சுரத்திற்கு அவன் இரு மடங்கு இடம் தந்தானல்லன். சற்றே கூடுதலாகத் தந்தான். கணக்கைக் கண் திருத்தியது. வாசிப்பவரின் கை ஓயும் இடத்தில் பக்கம் முடியுமாறும் பார்த்துக்கொண்டான்.

இன்று நிகழ்வதென்ன? மென்பொருள் தானாக இட்டதை அப்படியே அச்சுக்கு அனுப்புகின்றனர். சுரங்களின்கீழ்ப் பாடற்சொற்கள் முட்டி மோதுகின்றன. விரைந்து செல்லும் பகுதியின் நடுவே பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. தடுமாறுபவர் வயலின் கலைஞர், பழியும் அவருக்கே! ஒத்திகையில் வீணாகும் நேரத்திற்குப் பொறுப்பேற்பவர் யார்?

கணினியால் இவ்வளவே இயலும் என்பது வெறும் சாக்கு. டச்சுக்காரர் இருவர் 1996இல் தொடங்கிய லில்லிபாண்டு, கையால் செதுக்கிய பழைய ஏடுகளின் இடைவெளி நெறியைக் கணினிக்குக் கற்பிக்க முனைந்தது. ஃபினாலேயிலும் இடைவெளியைக் கையால் திருத்த வழியிருந்தது. ஆதலின் குற்றம், கருவியை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டவரையே சாரும்.

ஏடு அமைப்பவர், அச்சுக்கு அனுப்புமுன் ஒரு கலைஞரை அதனைப் பார்த்து வாசிக்கச் சொல்லட்டும். அவர் தயங்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். வாசிக்க இயலாத ஏடு, எத்துணைப் பளபளப்பாயினும், ஊமைத்தாளே.