எதன் எதிரில் பலம்?

என் பேரனுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். ஆறு மாதமாக நானும் அவனும் சேர்ந்து ஒரு பதிவேடு எழுதி வருகிறோம். அரசுப் பணியில் 38 ஆண்டுகள் எத்தனையோ பதிவேடுகளுக்குக் கோடு போட்டவன் நான். இதைப் போல ஆசையாக எதற்கும் கோடு போட்டதில்லை. 15 வரிசை, 15 பத்தி, மொத்தம் 225 கட்டங்கள். போக்கிமான் என்ற விளையாட்டில் எந்த வகைப் பிராணி எந்த வகையை வெல்லும், எதனிடம் தோற்கும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

எழுபத்து மூன்று வயதில் இதெல்லாம் உமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மனைவி போன பிறகு புதுச்சேரி வீட்டைப் பூட்டிவிட்டு, ஜமுனாமரத்தூரில் ஆசிரியையாக இருக்கும் மகளோடு வந்து தங்கிவிட்டேன். சென்ற ஆண்டு பாரீசிலிருந்து வந்த என் அக்கா மகன், தன் பிள்ளைகள் சிறுவயதில் விளையாடிய பழைய கேம்பாய் ஒன்றைப் பேரனிடம் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஓடும். கூடவே ஒரு சிவப்பு கேசட். 1999இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த போக்கிமான். அதில் எல்லாமே பிரெஞ்சு. பையனுக்கு ஒரு எழுத்து புரியவில்லை. "தாத்தா, இது என்ன சொல்லுது?" என்று கொண்டுவந்து நீட்டினான். பிரெஞ்சு வழியில் படித்த என்னிடம் ஒருவர் பிரெஞ்சுக்கு அர்த்தம் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்தபாடில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதோஷி தாஜிரி என்ற ஜப்பானியர் சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பைத்தியமாக இருந்தவர். அந்த ஆசையிலிருந்து பிறந்ததுதான் 1996இல் ஜப்பானில் வெளிவந்த இந்த விளையாட்டு. பிராணிகளைப் பிடித்து, பழக்கி, மோத விட வேண்டும். தொடக்கத்திலேயே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பிரெஞ்சில் அவற்றின் பெயர்கள் பியூல்பிசார், சலமேஷ், கராப்யூஸ். முதலாவது செடி, இரண்டாவது நெருப்பு, மூன்றாவது நீர். நெருப்பு செடியை எரிக்கும், நீர் நெருப்பை அணைக்கும், செடி நீரைக் குடித்துவிடும். அடி பலமாக விழுந்தால் திரையில் 'சே சூப்பர் எஃபிகாஸ்' என்று வரும். 'மிகுந்த பலன் தந்தது' என்று பொருள். பலமாக விழாவிட்டால், அவ்வளவாகப் பலன் இல்லை என்று வரும். சில அடிகள் பலிக்கவே பலிக்காது. மின்சார அடி மண் வகைப் பிராணியை ஒன்றும் செய்யாது.

இதைக் கட்டத்தில் எழுதும்போதுதான் நுணுக்கம் புரிகிறது. வரிசையில் அடிப்பவர், பத்தியில் அடி வாங்குபவர். நெருப்பு நீரை அடித்தால் பாதிப் பலன், நீர் நெருப்பை அடித்தால் இரண்டு மடங்கு. ஒரே ஜோடிக்கு இரண்டு கட்டம், இரண்டு விடை. இதோடு விடுவதில்லை. சில பிராணிகள் இரண்டு வகையைச் சேர்ந்தவை. அப்போது இரண்டையும் பெருக்க வேண்டும். பாறையும் மண்ணுமாக இருக்கும் ஒன்றின்மேல் தண்ணீர் பட்டால் நான்கு மடங்கு. சலமேஷ் வளர்ந்து டிராகோஃபூ ஆகும்போது இறக்கை முளைத்து, பார்க்கவே பயமாக இருக்கும். நெருப்பும் பறவையும் சேர்ந்த வகை. அதை ஒரு பாறை அடித்தால் நான்கு மடங்கு அடி விழும். அத்தனை பெரிய உருவம் ஒரு கல்லுக்குப் பயப்பட வேண்டும்!

பேரனின் வகுப்புத் தோழன் ஒருவன் மாலையில் வருவான். அவன் அப்பாவுக்குச் சாமைக் கொல்லை இருக்கிறது. கோடையில் மலைச்சரிவில் தீ ஓடுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. நெருப்பு செடியை ஜெயிக்கும் என்று நான் கட்டத்தில் 2 போட்டபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "எரிஞ்ச எடத்துல மழை பெஞ்சா மொதல்ல புல்லுதானே தாத்தா வருது? தீ எங்க போச்சு?" என்றான்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வனத்துறையினர் கோடைக்கு முன்பே புல்லையும் சருகையும் நீக்கித் தீத்தடுப்புக் கோடு எடுப்பது ஏன்? புல் இல்லாத இடத்தில் தீ நின்றுவிடும் என்பதால்தானே? தன்னால் தோற்கடிக்கப்படுவதை நம்பித்தான் தீயே உயிர் வாழ்கிறது. கீழே திருவண்ணாமலையை நெருப்புத் தலம் என்கிறோம். திருவானைக்காவை நீர்த் தலம் என்கிறோம். இரண்டில் எது பெரிது என்று எந்தப் பக்தரும் கேட்டதில்லை. நம் ஊர்க் கணக்கில் ஐம்பூதங்கள் ஒன்றையொன்று வெல்வதற்கு இல்லை, சேர்ந்து இருப்பதற்கு. ஆகவே அந்தக் கட்டத்தில் 2 என்று எழுதி, ஓரத்தில் 'மழை வரும்வரை' என்று குறிப்பும் போட்டேன். குமாஸ்தா புத்தி.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது, இதில் ராஜா இல்லை என்பதுதான். ராஜா வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். கல், காகிதம், கத்திரிக்கோல் விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரெஞ்சுப் பிள்ளைகள் அதில் நான்காவதாகக் கிணறு ஒன்றையும் சேர்ப்பார்கள். விரல்களை வளைத்து வட்டமாகக் காட்டினால் கிணறு. கல்லும் கத்திரிக்கோலும் கிணற்றில் விழுந்துவிடும். காகிதம் மட்டும் கிணற்றை மூடும். நாங்களும் அப்படித்தான் ஆடினோம். இரண்டு நாளில் ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. கல் வெல்லும் இடத்தில் கிணறும் வெல்கிறது. கல் காகிதத்திடம் தோற்கிறது, கிணறும் காகிதத்திடம் மட்டும்தான் தோற்கிறது. மேற்கொண்டு கல்லையே கிணறு வென்றுவிடுகிறது. அப்புறம் எவன் கல் காட்டுவான்? கல் செத்துப்போயிற்று. கடைசியில் கிணறு வேண்டாம் என்று நாங்களே ஒரு மரத்தடியில் தீர்மானம் போட்டோம்.

போக்கிமானிலும் இதே வியாதி வந்தது. முதல் விளையாட்டில் மனோசக்தி வகை கிணறாகிவிட்டது. அதற்குப் பயம் பூச்சியிடம் மட்டும், ஆனால் பூச்சி வகையிலோ உருப்படியான அடியே கிடையாது. பேயின் அடி அதன்மேல் பலிக்கவில்லை. ஆகவே 1999இல் ஜப்பானில் வந்த அடுத்த பதிப்பில் திருத்தம் கொண்டுவந்தார்கள். இருள், எஃகு என்று இரண்டு புதிய வகைகள் வந்தன. மனோசக்தி இருளிடம் பலிக்காது என்று வைத்தார்கள். பேயின் அடியும் பலிக்கத் தொடங்கியது. பிறகு டிராகன் வகைக்குக் கடிவாளம் போட 2013இல் தேவதை வகை வந்தது. இப்போது மொத்தம் 18. எந்த வகை தலைக்கு மேல் போனாலும் அதற்கு ஓர் எதிரியைக் கொண்டுவந்து நிறுத்தி, கல்லுக்கும் பிழைப்பு வைத்திருக்கிறார்கள். நம் ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிக்கு எதிராக 15 ஆடுகளை வைத்த பெரியவர்களும் இதை யோசித்தவர்கள்தான். ஆடு புலியைக் கொல்ல முடியாது. ஆனால் நகர விடாமல் கட்டிப்போட முடியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நானே பல வருடம் கல்லாக இருந்தவன்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்தது. முதல் தேதியில் எனக்கு இரண்டு வயது, இரண்டாவதில் பத்து. ஊர் மாறிய பிறகும் அப்பா என்னைப் பிரெஞ்சு வழியிலேயே படிக்க வைத்தார். நன்றாகவே படித்தேன். 1974இல் வேலைக்குச் சேர்ந்தபோது கோப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. நான் எழுதிய குறிப்புகள் சிவப்பு மையோடு திரும்பி வரும். ஒரு நாள் மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும், "இவனுக்கு ரெண்டு வரி ஒழுங்கா எழுத வரல, இவனையெல்லாம் யார் பாஸ் பண்ணிவிட்டாங்க?" என்றார். அவர் சொன்னதை நான் நம்பிவிட்டேன். எனக்கு அறிவு குறைவு என்றே பல வருடம் நினைத்திருந்தேன். ஆங்கிலம் அங்கே கிணறு. வேறு எதைக் காட்டினாலும் அதில் விழுந்துவிடும்.

பிறகு ஒரு நாள் ஒரு வயதான அம்மா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவர் இறந்துபோயிருந்தார். மஞ்சளாகிப்போன பிரெஞ்சுக் காகிதங்களைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரிவில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. மூன்று மேசை தாண்டி என்னிடம் அனுப்பினார்கள். அவருடைய கல்யாணப் பதிவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததால் பென்ஷன் நின்றிருந்தது. படித்துச் சொன்னேன், மனுவும் எழுதிக்கொடுத்தேன். சில மாதம் கழித்துப் பணம் வந்தது என்று சொல்ல அவரே தேடி வந்தார். அதன் பிறகு பழைய பிரெஞ்சுப் பத்திரம் எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும்.

நான் அன்று திடீரென்று அறிவாளி ஆகிவிடவில்லை. காலையில் இருந்த அதே ஆள்தான். எதிரில் வந்து நின்றது மாறியது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எல்லாம் எதிரியைப் பொறுத்தது என்றால் உழைக்கவே வேண்டாமா? வேண்டும். அதையும் அந்த விளையாட்டே சொல்கிறது. முதலில் எதிர்ப்படும் பெரிய ஆட்டக்காரன் பாறை வகைக்காரன். பிரெஞ்சில் அவன் பெயரே பியர், அதாவது கல். செடியோ நீரோ வைத்திருப்பவன் அவனை எளிதாக வெல்வான். என் பேரன் நெருப்பை எடுத்திருந்தான். பாறையின்மேல் நெருப்புக்குப் பாதிப் பலன்தான். நான்கு முறை தோற்றான். மாற்றிக்கொள் என்றேன், கேட்கவில்லை. ஒரு வாரம் புல்வெளியில் சின்னச் சின்னச் சண்டை போட்டு சலமேஷை வளர்த்து, பிறகு போய் வென்றான். பட்டியல் விதி அல்ல. இன்னும் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. நானும் ஆங்கிலத்தைப் பிறகு கற்றுக்கொண்டேன், பாதிப் பலனோடு.

இப்போது வீட்டில் ஒரு பேச்சு நடக்கிறது. பேரன் கணக்கில் மோசம், வாய்ப்பாடு சொல்லத் திணறுகிறான், கீழே ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம் என்கிறாள் மகள். "அப்பா, நீங்க கேம் ஆட விட்டுத்தான் இப்படி ஆயிட்டான்" என்று என்மேலும் ஒரு குற்றச்சாட்டு. அவள் கவலை நியாயமானது. மாலையில் அரை மணி நேரம் என்று நானே வரையறை வைத்திருக்கிறேன். ஆனால் பாதியை இரண்டால் பெருக்கினால் ஒன்று, இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு என்று எந்தக் கட்டத்துக்கும் யோசிக்காமல் விடை சொல்லும் பிள்ளையைக் கணக்கில் மோசம் என்று நான் எப்படி ஒத்துக்கொள்வது? அவன் வாய்ப்பாட்டின் எதிரில் மோசம். அது உண்மை. அதற்குப் பாடுபடட்டும். 'மோசம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். நான் ஒரு முறை நம்பிய பொய் அது.

அந்தப் பள்ளியின் விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லி என்னிடம்தான் தந்திருக்கிறாள். குமாஸ்தா ஆயிற்றே. பெயர், பிறந்த தேதி, இரத்த வகை எல்லாம் எழுதிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் 'மாணவரின் பலம்', 'மாணவரின் பலவீனம்' என்று இரண்டே கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இடம். மூன்று நாளாக அதைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எதன் எதிரில் என்று கேட்க அதில் ஒரு பத்தி விட்டிருக்கலாம்.