குறத்தியைப் பணியில் அமர்த்துவோம்

எச்.ஜி.வெல்ஸ் 1895இல் எழுதிய ‘கால இயந்திரம்’ நாவலில், எட்டு லட்சம் ஆண்டுகளுக்குப் பிந்தைய உலகத்தில் பச்சைப் பீங்கான் மாளிகை ஒன்று பாழடைந்து கிடக்கும். அது ஓர் அருங்காட்சியகம். எலும்புக்கூடுகள் தூசி மூடியிருக்கும், நூல்கள் நைந்து கந்தலாகத் தொங்கும். காலப் பயணி அங்கிருந்து எடுத்துவருவது தீப்பெட்டியும் கற்பூரமும் அடிக்க ஓர் இரும்புத் தண்டும்தான். எடுத்துச்சொல்ல ஆளில்லாமல் போனால் காட்சிக்கூடத்துக்கு நேரும் கதி இது.

குற்றாலத்திலும் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று உண்டு என்பது அருவிக்கு வருபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையே கண்ணில் படாமல் போகிறதே! சுவர் முழுக்கப் புராண ஓவியங்கள் இருக்க, கூட்டம் எண்ணெய்க் குளியலுக்கு நகர்ந்துவிடுகிறது. குறை கூட்டத்தின் மீதல்ல. அவர்களை யாரும் அழைக்கவில்லை.

அழைக்கத் தெரிந்தவள் இந்த ஊரிலேயே இருந்தாள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் தலைவி வசந்தவல்லி, தலைவர் குற்றாலநாதர். குறத்தி சிங்கி பாதியில் வந்து சேர்பவள்தான். ஆனாலும் மக்கள் மனத்தில் குற்றாலத்தைப் பதியவைத்தவள் அவளே. உன் மலை எப்படிப்பட்டது என்று வசந்தவல்லி கேட்ட பிறகுதான் அவள் வாய் திறக்கிறாள். அழகு, பெருமை என்று அடுக்காமல், குரங்கு என்ன செய்கிறது, அருவி எங்கே விழுகிறது என்று மலையில் நடப்பதைச் சொல்கிறாள். கேட்பவருக்குப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. இந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். பின்னாளில் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யும் நண்பர்களை உட்காரவைத்து, பாடிக் காட்டித்தான் கவிதையைப் பரப்பினார். பலகையும் துண்டறிக்கையும் அந்த வேலையைச் செய்ததில்லை, செய்யவும் முடியாது.

காப்பாட்சியர், காவலர், சீட்டுக் கொடுப்பவர் ஆகியோரோடு அருங்காட்சியகப் பணியிடங்கள் முடிந்துவிடக் கூடாது. சொல்பவர் ஒருவர் வேண்டும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. இனி மாவட்ட நிர்வாகமே இதை எடுத்துச் செய்யலாம். உள்ளூர்ப் பேச்சுத் தமிழும், கேட்பவரின் முகம் பார்த்துப் பேசும் பழக்கமும் உள்ள இளைஞர்களைத் தேர்ந்து, தொல்லியல் துறை பயிற்சி தரட்டும். நடுக் கோடையிலேயே தேர்வை முடித்தால் ஜூன் மாதச் சாரலுக்குள் ஆள் தயாராகிவிடும்.

அவர்களை நிறுத்த வேண்டிய இடமும் நேரமும் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும்போது குளிக்கத் தடை விதிக்கிறார்கள். தூரத்திலிருந்து வந்த குடும்பங்கள் துண்டோடு மணிக்கணக்கில் கரையில் நிற்கின்றன. குழந்தைகள் அடுத்து எங்கே என்று கேட்கத் தொடங்கும் அந்த நேரத்தில், சித்திர சபைக்கு அழைத்துச் செல்ல ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும்.

(கட்டுரையாளர், அருங்காட்சியகவியல் ஆய்வாளர்)