மீற்றரோடு முடியாத பொறுப்பு

யாழ்ப்பாணத் தீவகத்துக்கு மின்சாரம் இரு வழிகளில் வருகிறது. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, காரைநகர் ஆகிய இடங்கள் தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைந்திருப்பதால், தேசிய மின்வலையமைப்பின் கம்பிகள் அங்குவரை செல்கின்றன. கடல் பிரிக்கும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றில் மின்சாரத்தை அந்தந்தத் தீவிலேயே பிறப்பிக்க வேண்டியிருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் கலப்பு மின்னுற்பத்தி நிலையங்களை அமைக்க, ஏறத்தாழ 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச் 1ஆம் திகதி கொழும்பில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரிய ஒளியில் 1,700 கிலோவாற், காற்றில் 530 கிலோவாற், சேமிப்புக்கு 2,400 கிலோவாற் மணி பற்றரி, துணைக்கு டீசல் மின்பிறப்பாக்கிகள் என்பது அத்திட்டத்தின் அளவு. வரவேற்க வேண்டிய திட்டம் இது. ஆனால் இந்தக் கிலோவாற் கணக்கு வீட்டுச் சுவரிலுள்ள மீற்றரோடு நின்றுவிடுகிறது. உயிர் போவதும் தப்புவதும் மீற்றருக்கு உட்புறத்தில். அந்தப் பகுதியையும் மின்விநியோகத்தின் அங்கமாகக் கருதி, அதன் பாதுகாப்புக்கு மின்விநியோக நிறுவனமும் அரசும் பொறுப்பேற்க வேண்டும்.

இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். ஈரமான மனித உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் வரை இறங்கிவிடும். அந்நிலையில் உயிர்க்கம்பியைத் தொட்டவரின் உடலூடாக 230 மில்லி அம்பியர் பாயலாம். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் பாதியே போதும். 16 அம்பியர் பிறேக்கருக்கோ பியூசுக்கோ இது பொருட்படுத்தத் தக்க அளவே அல்ல. அவை கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காக்கும் கருவிகள். மனிதனைக் காப்பது ட்ரிப் சுவிச் ஒன்றுதான். போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி அம்பியர் குறைந்தாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

தீவகத்தில் இந்தச் சுவிச்சின் தேவை பிற இடங்களைவிடக் கூடுதல். அதற்குக் காரணம் மண். நெடுந்தீவின் பெரும்பகுதியில் மெல்லிய மண்படைக்குக் கீழே சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும். நிலத்தில் இறக்கிய ஏர்த் குழாய், மழைக்காலத்தில் ஓரளவு மின்னைக் கடத்தும். ஆடி, ஆவணி வரட்சியில் மண் காய்ந்ததும் அதன் தடை பலமடங்கு ஏறிவிடும். அது 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், கிணற்று மோட்டாரின் உடலுக்கு மின் கசிந்தாலும் நிலத்துக்கு இறங்குவது 2.3 அம்பியர்தான். பிறேக்கர் விழாது. மோட்டார் வழமைபோல ஓடிக்கொண்டிருக்க, அதன் இரும்புடலில் ஏறத்தாழ முழு அழுத்தமும் நிற்கும். ஈரக்காலோடு அதைத் தொடுபவருக்கு எந்த முன்னறிவிப்பும் கிடையாது. அதே 100 ஓம் தடையிலும் ட்ரிப் சுவிச் உடனே விழும். ஏர்த் மோசமாகக்கூடிய நிலத்தில் ட்ரிப் சுவிச் இல்லாத வீடு பாதுகாப்பற்ற வீடு.

உப்புக் காற்று அடுத்த எதிரி. பித்தளை முனைகள் பச்சை பிடிக்கின்றன, திருகாணிகள் தளர்கின்றன, தளர்ந்த இடம் சூடேறிப் பிளக் கருகுகிறது. ட்ரிப் சுவிச்சின் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகக் கூடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அழுத்தியும் விழாத சுவிச் பெயருக்குத்தான் சுவிச். அடிக்கடி விழுகிறதென்று அதை விலக்கிவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுவிச் விழுவது எங்கோ மின் கசிகிறது என்பதற்கான அறிவிப்பு. அந்த அறிவிப்பை அடைத்துவிட்டுக் கசிவை அப்படியே விடுவது, வீட்டிலுள்ள குழந்தைகளின் உயிரோடு விளையாடுவதாகும்.

1990களின் இடப்பெயர்வில் தீவக வீடுகள் பல ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. இன்றும் கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் வாழும் உரிமையாளர்கள், நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவை ஒட்டியோ பள்ளி விடுமுறையிலோ வந்து சில வாரங்கள் தங்கிச் செல்கிறார்கள். எலியும் அணிலும் கடித்த கம்பி, வெடித்துப்போன இறப்பர் உறை, உயிர்க்கம்பிக்குப் பதிலாக நொதுமல் கம்பியில் போட்ட சுவிச் எல்லாம் அப்படியே இருக்க, அதே வயரிங்கில் குளிரூட்டியும் சுடுநீர் இயந்திரமும் ஏறுகின்றன. சுவிச் நொதுமலில் இருந்தால், விளக்கை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். பழைய வட்டமுனைப் பிளக்குகளுக்குப் பதிலாக 13 அம்பியர் சதுரமுனைப் பிளக்கே நாட்டின் நியமம் என்று ஆகிவிட்டது. ஆனால் பழைய பொயின்றில் மாற்றி (அடப்டர்) செருகி, ஏர்த் முனை எதையும் தொடாமல் பாவிக்கும் வீடுகள் இன்னும் உண்டு.

வீட்டுக்கு வெளியேயும் ஆபத்து இருக்கிறது. கம்பிக்கு அருகில் நிற்கும் முருங்கையிலும் மாவிலும் இரும்புக் கொக்கைத்தடியால் பறிக்கக் கூடாது. மின்வெட்டின்போது வீட்டு ஜெனரேற்றரைப் பிளக் வழியாக உள்ளே கொடுத்தால், மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பி, கம்பத்தில் நிற்கும் ஊழியரைக் கொல்லக்கூடும். மாற்றுச் சுவிச் இல்லாமல் ஜெனரேற்றரை இணைக்கவே கூடாது. 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்ததைப் போன்ற வெள்ளத்தில், பிளக் பொயின்ற்வரை நீர் ஏறிய வீட்டில், மின்வினைஞர் பரிசோதிக்கும்வரை பிரதான சுவிச்சைப் போடக் கூடாது.

இவை எந்த ஊருக்கும் பொருந்தும் விதிகள்தாம். ஆனால் தீவுகளில் தவறுக்குக் கொடுக்கும் விலை அதிகம். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் கடலைக் கடக்காது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன் பிறகு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைவரை தரைவழி. இரவிலும் கச்சான் காற்றிலும் படகே கிடைக்காமல் போகலாம். துடிப்பு நின்ற இதயத்துக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. எனவே அருகில் இருப்பவரே உடனே செயற்பட வேண்டும். மின்தாக்குண்டவரைக் கையால் இழுக்காமல், முதலில் பிரதான சுவிச்சை நிறுத்த வேண்டும்; அது முடியாவிட்டால் காய்ந்த தடியால் கம்பியை விலக்க வேண்டும். மூச்சும் துடிப்பும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவே ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இதை ஒவ்வொரு தீவிலும் பாடசாலை மேல்வகுப்புகளிலும் கடற்றொழிலாளர் சங்கங்களிலும் செய்துகாட்டிப் பழக்குவது சுகாதாரத் திணைக்களத்தின் கடமை.

மின்விநியோக நிறுவனம் செய்ய வேண்டியது இன்னும் பெரிது. இணைப்புக் கேட்கும்போது ஒருமுறை பார்ப்பதோடு நின்றுவிடாமல், தீவக வீடுகளின் ஏர்த் தடையை வரட்சிக் காலத்தில் அளக்க வேண்டும். ட்ரிப் சுவிச்சைச் சோதித்து, முடிவை வீட்டுக்காரரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். சுவிச் இல்லாத, அதை வாங்க வசதியும் இல்லாத வீடுகளுக்குப் பிரதேச செயலகங்கள் வழியாக இலவசமாகப் பொருத்த வேண்டும். மூன்று தீவுகளின் மின்னுற்பத்திக்கு மில்லியன் டொலர்களில் திட்டமிட்ட அரசுக்கு, இந்தச் செலவு பெரிதல்ல. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்கும் மின்வினைஞர் ஒருவரேனும் ஒவ்வொரு தீவிலும் வசிக்க ஏற்பாடு வேண்டும். தீவின் இளைஞர்களையே தெரிவுசெய்து தொழிற்பயிற்சிக்கு அனுப்பினால் அது நடக்கும். அடுத்த வரட்சியில் நெடுந்தீவிலிருந்து இந்த அளவீட்டைத் தொடங்கலாம்.