அழகிய துப்பாக்கியும் குறி தவறாத துப்பாக்கியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, நாட்டுப்புறத்துத் துப்பாக்கிக் கடையொன்றில் நுழையும் குடியானவர் எதை முதலிற் கையில் எடுக்கிறார் என்று கவனித்தல் வேண்டும். பெரும்பாலும் அது வால்நட் மரக்கட்டை பொருத்தி, குழலில் நீலமெருகு பளபளக்கும் துப்பாக்கியாகவே இருக்கும். அதற்கு இரண்டு இடம் தள்ளி, கறுத்த பிளாஸ்டிக் கட்டையும் மங்கிய குழலுமாக, விலையிற் பாதிக்கும் குறைவான மற்றொன்று சாத்தி வைக்கப்பட்டிருக்கும். முன்னதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, விலைச்சீட்டைப் படித்து, பின்னதை வாங்கிச் செல்வோர் பலர். கடன் பட்டேனும் முன்னதையே வாங்குவோரும் உளர். கொம்பு சீவி எண்ணெய் தடவி நிறுத்தப்பட்ட காளைக்கும், சேறு படிந்து நிற்கும் காளைக்கும் இடையே சந்தையில் தடுமாறும் விவசாயிக்கு இக்காட்சி புதிதன்று. இவ்விருவருள் நஷ்டமடைந்தவர் எவர் என்பதே விசாரிக்கத் தக்கது.

இங்குச் சொல்லப்படுவது போல்ட் துப்பாக்கி. கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற இரும்புத் தண்டு ஒன்றைக் கையால் தூக்கிப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளினால், சுட்ட தோட்டாவின் உறை வெளியே விழுந்து, புதுத் தோட்டா குழலினுட் சென்று பூட்டிக்கொள்ளும். ஜெர்மனியில் மௌசர் சகோதரர்கள் தொடங்கிய வேலை 1898ஆம் ஆண்டு மாதிரியில் முதிர்ச்சியடைந்தது. அதன் பின்னர் தோன்றிய வேட்டைத் துப்பாக்கிகளுட் பெரும்பான்மையானவை அதன் வழித்தோன்றல்களே.

விலையுயர்ந்த துப்பாக்கியில் விலை எங்கே செலவாகிறது என்பதை முதலில் அறிதல் நலம். நல்ல ரேகையோடிய வால்நட் மரம் எளிதிற் கிடைப்பதன்று. கைப்பிடியிற் சிறு சதுரங்களாகக் கோடு செதுக்குவது தேர்ந்த தொழிலாளியின் பல மணி நேர வேலை. எஃகை நீலமேற்றுவதற்கு முன் கண்ணாடிபோல் தேய்ப்பதும் அவ்வாறே. இவையனைத்தும் கைக்கூலி. ஆனால் குண்டு எங்கே சென்று விழும் என்பதை நிர்ணயிப்பவை வேறு: குழலின் உட்புறத்துச் சுருள்வரி ஒரே சீராக இருப்பது, தோட்டா அமரும் அறை குழலின் அச்சுக்கு நேராகக் கடையப்பட்டிருப்பது, துப்பாக்கியின் உடல் கட்டையில் அசையாது பதிந்திருப்பது, விசை இழுபறியின்றி விடுபடுவது. இந்நான்கில் முதலிரண்டும் இயந்திரத்தின் வேலை. நல்ல இயந்திரம் மலிவான குழலையும் விலையுயர்ந்த குழலையும் ஒரே விதமாகவே கடைகிறது. மலிவான துப்பாக்கி நன்றாகச் சுடுவதன் இரகசியம் இதுவேயன்றி வேறில்லை.

இதனை ஒப்புக்கொள்ள வேட்டைக்காரர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1936இல் வெளிவந்த வின்செஸ்டர் 70ஆம் மாதிரி அமெரிக்கரின் பெருமதிப்பைப் பெற்றிருந்தது. கூலி ஏறியதால் 1964இல் அத்தொழிற்சாலையார் அதனை மாற்றியமைத்தனர். கையாற் செதுக்கிய சதுரக்கோடுகள் போய், அச்சால் அழுத்திய பூவேலை வந்தது. குழலுக்கும் கட்டைக்கும் இடையே அகன்ற சந்து தெரிந்தது. உறையைப் பற்றி இழுக்கும் நீண்ட மௌசர் கொக்கி நீக்கப்பட்டுச் சிறு கொக்கி வைக்கப்பட்டது. கூக்குரல் எழுந்தது. 1964க்கு முந்திய துப்பாக்கிகள் பழையவையாயினும் அதிக விலைக்குப் போயின, இன்றும் போகின்றன. இக்கண்டனத்தில் நியாயமான பங்கும் உண்டு, நியாயமற்ற பங்கும் உண்டு. பெரிய கொக்கி தோட்டாவை எழும்பிய கணத்திலேயே பிடித்துக்கொள்வதால், பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிப் பின்னிழுத்தாலும் இரண்டு தோட்டாக்கள் சிக்குவதில்லை. ஆதலால் அதை இழந்தது உண்மையான இழப்பே. ஆனால் பார்ப்பவர் கண்ணை உறுத்திய அந்தச் சந்தோ, குழல் கட்டையைத் தொடாதிருப்பதற்காக விடப்பட்டது. மழையில் மரம் ஊதினாலும் குழலை நெருக்காது. அழகைக் கெடுத்தது என்று பழிக்கப்பட்டதே குறிக்கு உதவியது. கொக்கியையும் பூவேலையையும் சந்தையும் ஒரே மூச்சில் வைதவர்கள் எது கருவியின் குறை, எது கண்ணின் குறை என்று பிரித்துப் பார்க்கவில்லை. 1992இல் பழைய கொக்கியுடன் அம்மாதிரி மீண்டும் செய்யப்பட்டது.

ரெமிங்டன் தொழிற்சாலையார் இதற்கு முன்னரே, 1948இல், 721, 722 என்னும் மாதிரிகளை வெளியிட்டிருந்தனர். இரும்பைப் பலவாறு செதுக்கி உடல் அமைப்பதை விட்டு, உருண்டையான எஃகைக் கடைந்து உடலாக்கினர். விசைக்காப்பு வளையத்தைத் தகட்டில் அடித்து வளைத்தனர். பார்வைக்கு எளியவையாயினும், போல்ட்டின் முகத்தில் தோட்டாவின் அடியைச் சுற்றிலும் எஃகு வளையம் அமைந்ததால் மிகவும் உறுதியானவை. அதே உடலை மெருகிட்டு, நல்ல கட்டையிற் பொருத்தி 1962இல் 700 என்ற பெயரில் விற்றபோது அது பெரும்புகழ் பெற்றது. அமெரிக்கச் சேனையின் எம்24, கடற்படைக் காலாட்களின் எம்40 ஆகிய குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிகள் இவ்வுருண்டை உடலின்மீதே அமைக்கப்பட்டன. மலிவுக்காகக் கண்டுபிடித்த முறை உறுதியிலும் நேர்மையிலும் குறைந்ததன்று என்பதற்கு இதைவிடச் சாட்சியம் தேவையில்லை.

அழகின்மைக்கென்றே பேர்போன துப்பாக்கி ஒன்றும் அத்தொழிற்சாலையிலிருந்தே வந்தது. 1967இல் வெளியாகி 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதி வரை விற்கப்பட்ட 788ஆம் மாதிரி அது. செதுக்கு வேலையற்ற சாதாரண மரக்கட்டை, பருத்த உடல், கீழே துருத்தி நிற்கும் தகட்டுத் தோட்டாப்பெட்டி. வழக்கமாக முன்புறத்தில் இரண்டு பெரிய பூட்டுப் பற்கள் இருக்க வேண்டிய இடத்தில், இதற்குப் பின்புறத்தில் மும்மூன்றாக ஒன்பது சிறு பற்கள். காண்பவர் சிரிக்கத்தக்க இத்துப்பாக்கி, குறியட்டையில் குண்டுகளை நெருக்கமாக இடுவதில் தன் அண்ணனான 700க்குச் சளைக்கவில்லை. காரணம் தேடினால் அந்த அவலட்சணத்திலேயே அது கிடைக்கும். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்பதால் உடலின் அடியில் வெட்டிய வாய் குறுகியது, உறை வெளியேறும் வாயும் சிறியது, சுவர்கள் தடித்தவை. இரும்பு அதிகமாய் எஞ்சியபடியால் உடல் வளைந்து கொடுப்பதில்லை. தன் அண்ணனை மிஞ்சியதனாலேயே அது நிறுத்தப்பட்டது என்று வேட்டைக்காரர்கள் சொல்லும் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கதை பிறந்ததே அதன் பெருமைக்குப் போதும்.

ஆயினும் அதனைக் குறையற்றது எனக் கூறுவது நேர்மையாகாது. பற்கள் பின்புறம் இருப்பதால் வெடியின் அழுத்தத்தில் போல்ட் முழுவதும் சிறிது அமுங்கும். பித்தளை உறை நீளும். உறைகளை மீண்டும் மீண்டும் நிரப்பிச் சுடுபவர்க்கு அவை சீக்கிரம் கெடும். போல்ட்டின் கைப்பிடி ஒட்டுவாயில் முறிந்த சம்பவங்களும் உண்டு. தோட்டாப்பெட்டி தொலைந்தால் மாற்று வாங்குவதும் இலேசான செலவன்று.

சாவேஜ் 110ஆம் மாதிரி 1958இல் தோன்றியது. அதன் குழல் உடலோடு சேருமிடத்தில் ஒரு வளையமரை தெரியும். நீர்க்குழாயிணைப்பைப் போன்ற அதனைக் கண்டு முகஞ்சுளித்தவர் அநேகர். மற்றத் துப்பாக்கிகளில், தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி சரியாக அமைய ஒவ்வொரு குழலையும் கைவேலையாற் பக்குவப்படுத்த வேண்டியிருந்தது. இங்கோ, அளவுக்கட்டையை உள்ளே வைத்துக் குழலைத் திருகி, வளையமரையை இறுக்கினால் வேலை முடிந்தது. கூலி மிச்சம், அளவும் சுத்தம். அந்நிறுவனம் 1988இல் திவாலாகிப் பின்னர் இந்தத் துப்பாக்கியைக் கொண்டே தலைநிமிர்ந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், வாங்கியவரே இலேசாக்கிக்கொள்ளத்தக்கதும், நடுவிலுள்ள சிறு தகட்டை விரல் அழுத்தினாலன்றி வெடியாததுமான விசையை அதில் வைத்தனர். கரடுமுரடான விசையே மலிவுத் துப்பாக்கியின் அடையாளம் என்ற நிலைமை அத்துடன் மாறத் தொடங்கிற்று. ஏளனத்துக்குள்ளான வளையமரையை மற்றத் தொழிற்சாலைகளும் ஏற்றுக்கொண்டன.

இதுவரை கூறியதனால், குறியட்டையில் நெருக்கமாகச் சுடும் துப்பாக்கியே எப்பொழுதும் சிறந்தது என்று முடிவு செய்வதும் தவறு. குறியட்டையும் ஒரு விதமான அழகுக் கண்ணாடியே. நூறு கஜத்தில் ஓர் அங்குல வட்டத்துள் மூன்று குண்டுகளை இட்ட காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவோர் உளர். மூன்று குண்டுகள் தற்செயலாகவும் நெருங்கும். அதே துப்பாக்கியில் பத்துக் குண்டுகள் சுட்டால் வட்டம் விரிவதைக் காணலாம். அன்றியும், வெள்ளைவால் மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் ஏறக்குறைய எட்டு அங்குல அகலமுள்ளது என்று வேட்டைக்காரர் கணக்கிடுவர். நூறு கஜத்தில் இரண்டு அங்குல வட்டம் இடும் சாதாரணத் துப்பாக்கி, இருநூறு கஜத்தில் நான்கு அங்குல வட்டம் இடும். அதாவது குறி வைத்த புள்ளியிலிருந்து இரண்டு அங்குலமே விலகும். மீதியிருக்கும் இடமெல்லாம் சுடுபவரின் கைநடுக்கத்துக்கு விடப்பட்டது. அதுவோ இரண்டு அங்குலத்துடன் நிற்பதில்லை. காயம்பட்டு ஓடிப் புதருள் நாட்கணக்கிற் கிடந்து சாகும் பிராணி, துப்பாக்கியின் பிழையால் அவ்வாறு ஆவது அரிது. பழகாத தோளின் பிழையாலேயே பெரும்பாலும் ஆகிறது. ஆகவே விலையில் மிச்சமான பணம் தோட்டாவிலும் தூரக்கண்ணாடியிலும் செலவாக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பணம் குறியைத் திருத்தாது.

மலிவு எங்கே உண்மையாகவே கெடுதல் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டை மழைக்கு ஊதாது, வெயிலுக்கு வெடிக்காது. அந்த மட்டில் மரத்தைவிட மேல். ஆனால் அதன் முன்பகுதி சவளும் தன்மையுடையதாயின், வேலிக்கம்பத்தின்மேல் சார்த்தியவுடனேயே, அல்லது தோள்வாரை இறுக்கியவுடனேயே, வளைந்து குழலைத் தொடும். குண்டு இடம் மாறும். இக்குறை வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கையால் நெரித்துப் பார்த்தால் தெரியும். ஒரு காகித நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே செருகி, உடல்வரை தடையின்றிச் செல்கிறதா என்றும், முன்பகுதியை அமுக்கும்போது அது பிடிபடுகிறதா என்றும் பார்ப்பது செலவில்லாத பரீட்சை. 2012ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்த ரூகர் அமெரிக்கன் என்னும் மலிவு மாதிரியில், பிளாஸ்டிக் கட்டைக்குள் இரண்டு எஃகுத் தாங்கிகளைப் பதித்து அவற்றின்மேல் உடலை அமர்த்தினர். உடலின் அசைவு இதனால் நின்றது, முன்பகுதியின் சவளல் முற்றிலும் நின்றதென்று கூறுவதற்கில்லை. தோட்டாப்பெட்டியின் பிளாஸ்டிக் நாக்கு மற்றொரு பலவீனமான இடம். அது உடைந்தால், எவ்வளவு நெருக்கமாகச் சுடும் துப்பாக்கியும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாகிவிடும்.

அழகுக்காகவும் ஒரு வார்த்தை பேசலாம். சதுரக்கோடு நனைந்த கைக்குப் பிடி தருகிறது. நீலமெருகு துருவைச் சிறிது தாமதப்படுத்துகிறது. எண்ணெயேற்றிய மரம் ஈரத்தைச் சிறிது தடுக்கிறது. இவற்றைவிட முக்கியமானது, அழகான பொருளை உடையவர் அதைத் துடைத்து வைக்கிறார் என்பதாகும். அவலட்சணமான துப்பாக்கி தொழுவத்து மூலையிற் கிடந்து துருப்பிடிப்பதைக் கண்டவர் இதை மறுக்கமாட்டார். குழலின் வாயில் துரு ஏறிய பின்னர், அது வாங்கும்போது எவ்வளவு நன்றாகச் சுட்டது என்ற பேச்சுக்குப் பொருளில்லை.

இந்தியாவில் உரிமம் பெற்றோர் அறிந்த போல்ட் துப்பாக்கிகளுள் இஷாப்பூர்த் தொழிற்சாலையின் .315 துப்பாக்கி முக்கியமானது. பழைய லீ என்பீல்டு சேனைத் துப்பாக்கியின் வழியில் வந்த அதற்கும், மேலே சொன்ன 788ஐப் போலவே, பூட்டுப் பற்கள் பின்புறத்திலேயே உள்ளன. பின்புறப் பூட்டின் குறை கூறப்பட்டது. அதன் குணம், போல்ட் குறுகிய தூரமே நகர்வதால் விரைவாகவும் வழுவழுப்பாகவும் இயங்குவதாம். இதன் கட்டையிலோ மெருகிலோ கண்ணைக் கவரத்தக்கது எதுவுமில்லை. அதை இழிவாக எண்ணுவோர் அந்நியத் துப்பாக்கியின் படத்தைப் பார்த்து எண்ணுகிறார்களேயன்றி, இரண்டையும் ஒரே நாளில் ஒரே குறியில் சுட்டுப் பார்த்து எண்ணுவதில்லை.

பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் கோருவோரும், அம்மனுக்களின்மீது அறிக்கை எழுதும் கிராம அலுவலர்களும், எந்தத் துப்பாக்கி என்னும் வினாவுக்கு முன்பு வேறொன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் அவசியம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி பெற்ற உரிமம் துப்பாக்கியை வைத்திருப்பதற்கே அதிகாரம் தருகிறது. பயிரை அழிக்கும் பன்றியாயினும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற அதிகாரியின் உத்தரவின்றி அதனைச் சுடுவது குற்றமாகும். உரிமச்சீட்டைக் காட்டி அவ்வழக்கிலிருந்து தப்ப இயலாது.