'அன்லிமிடெட்' நெட் என்று நம்பிப் பணம் கட்டுவோர் உஷார்! 24-ம் நாளில் ஆமை வேகம்

சென்னை:-

சென்னை நகரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் மின் கம்பத்தில், மாடிப்படியில், மூடிய கடை ஷட்டரில் ஒரு நோட்டீஸ் ஒட்டி இருக்கிறது. "அன்லிமிடெட் பிராட்பேண்ட்! 300 எம்.பி.பி.எஸ்.! 1 ஜி.பி.பி.எஸ்.! உடனே போன் செய்யுங்கள்!"

எம்.பி.பி.எஸ். என்றதும் டாக்டர் படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். இது நெட்டின் வேகம்.

அந்த வேகத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் பிளானைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் நெட்டை அதிகமாக உபயோகிக்கும் வீட்டைக் கவிழ்ப்பது வேகம் அல்ல. நோட்டீசின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சாகி இருக்கும் இன்னொரு எண். அதுதான் மாத உச்சவரம்பு!

அந்த வரம்பைத் தாண்டிய நிமிஷமே கார் வேகத்தில் போன நெட், கட்டை வண்டி வேகத்துக்கு இறங்கிவிடும். வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்ப்பவர் மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருப்பார். எதிர்முனையில் அவர் முகம் பொம்மை மாதிரி உறைந்து நிற்கும். சம்பளத்துக்கே ஆபத்து!

ஓட்டலில் 'முழுச் சாப்பாடு' என்று போர்டு இருக்கும். மூன்றாம் முறை சாதம் கேட்டதும் சர்வர் கரண்டியை நுனியில் பிடிப்பார் அல்லவா? கதை அதேதான்.

3300 வந்த கதை

இப்போதைய போட்டிக்கு அடித்தளம் 2020-ம் ஆண்டில் போடப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டு கடைசியில் ஜியோ நிறுவனம் வீட்டு ஃபைபர் பிளான்களை மாதம் 399 ரூபாயில் இருந்து 'அன்லிமிடெட்' என்று அறிவித்தது. 399-க்கு 30 எம்.பி.பி.எஸ்., 699-க்கு 100, 999-க்கு 150, 1499-க்கு 300. சில நாட்களில் ஏர்டெல்லும் 499 ரூபாயில் களத்தில் குதித்தது.

கொரோனா காலம். பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, பெரியவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை. கனெக்‌ஷன்கள் குவிந்தன.

அந்த 'அன்லிமிடெட்'டின் நிபந்தனைப் பகுதியில் உட்கார்ந்திருந்த எண்தான் 3300 ஜி.பி. இன்றும் பெரிய கம்பெனிகளின் ஃபைபர் பிளான்களில் பரவலாகக் காணப்படும் எண் அதுவே. வேடிக்கை என்னவென்றால், குறைந்த வேகக்காரருக்கும் கூடுதல் வேகக்காரருக்கும் பெரும்பாலும் ஒரே வரம்பு. காசு கூடக் கொடுத்தால் தண்ணீர்க் குழாய் பெரிதாகும். தொட்டி மட்டும் அதே தொட்டி!

7 மணி 20 நிமிஷம்!

கணக்குப் போட்டுப் பார்த்தால் பகீர் என்கிறது.

100 எம்.பி.பி.எஸ். என்றால் வினாடிக்கு 100 எம்.பி. இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. அது 'பிட்' கணக்கு. சினிமா, பாட்டு எல்லாம் 'பைட்' கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆக 100 எம்.பி.பி.எஸ். லைனில் வினாடிக்கு இறங்குவது 12½ எம்.பி. மட்டுமே.

அந்த லைனை இரவு பகலாக முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு நாளைக்கு 1080 ஜி.பி. போகும். 3300 ஜி.பி. மூன்று நாளில் காலி.

1 ஜி.பி.பி.எஸ். லைனில் அதே 3300 எத்தனை நேரம் தாங்கும் தெரியுமா? 7 மணி 20 நிமிஷம்! காலை டிபனுக்கு ஆரம்பித்தால் மாலை டீக்கு முன்பே மாதக் கோட்டா முடிந்துவிடும்.

எந்த வீட்டிலும் அப்படி இடைவிடாமல் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் வேகத்துக்குக் கொடுக்கும் பணமும் உபயோகத்துக்குக் கிடைக்கும் அளவும் வேறு வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு நடுத்தரக் குடும்பத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். அது வருமாறு:-

ஹாலில் ஒரு 4-கே டி.வி., படுக்கை அறையில் ஒன்று. நெட்பிளிக்ஸ் நிறுவனம் சொல்லும் கணக்குப்படி 4-கே படம் பார்க்க மணிக்கு 7 ஜி.பி. வரை ஆகும். ஒவ்வொரு டி.வி.யும் தினம் 4 மணி நேரம் ஓடினால் மாதம் 1680 ஜி.பி.

அப்பாவோ அக்காவோ வீட்டிலிருந்து வேலை. வீடியோ மீட்டிங், பைல்கள் என்று 200 ஜி.பி. வைத்துக்கொள்ளலாம். தம்பியின் கம்ப்யூட்டர் கேம் தனி. பெரிய கேம் ஒன்றே 100 ஜி.பி.யைத் தாண்டுகிறது. இரண்டு இறக்கினால் இன்னொரு 200.

இனிமேல்தான் யாரும் நினைக்காத ஆசாமி வருகிறார். வாசலில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா!

24 மணி நேரமும் கிளவுடில் பதிவாகும்படி வைத்த கேமரா, 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் படத்தை அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. மாதம் 648. வாசலில் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்றால் 1296. வீட்டில் எல்லோரும் தூங்கும்போதும் மீட்டர் ஓடுகிறது. பெரும்பாலான பிளான்களில் இறக்குவதும் ஏற்றுவதும் சேர்த்தே கணக்கு.

மொத்தம் 3376 ஜி.பி. வரம்பு தாண்டியாச்சு!

இது சாதாரண மாதம். பரீட்சை லீவில் டி.வி. 4 மணிக்குப் பதில் 6 மணி நேரம் ஓடினால் பிளான் தொடங்கிய 24-ம் நாளே 3300 தீர்ந்துவிடும். மீதி ஆறு நாள் திண்டாட்டம்தான்.

கேமராவை மெமரி கார்டில் பதிவாகும்படி மாற்றினால் மட்டும் 1296 ஜி.பி. மிச்சம். ஒரு பைசா செலவில்லாமல்!

வரம்புக்குப் பின் என்ன?

பிளான் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. கேட்டே ஆக வேண்டிய கேள்வியும் இதுதான்.

வரம்பு எவ்வளவு, அதுவரை என்ன வேகம், அதற்குப் பின் என்ன வேகம் என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என 'டிராய்' எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-ம் ஆண்டு அக்டோபர் 31-ந்தேதி உத்தரவிட்டது. வரம்பு தாண்டினாலும் வீட்டு லைனில் வேகம் 512 கே.பி.பி.எஸ்.சுக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொன்னது. பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும், முழுசும் தீர்ந்ததும் தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் அதே உத்தரவு.

512 என்பது எவ்வளவு? ஒரு ஜி.பி. பைல் இறங்க 4 மணி 20 நிமிஷம்! 1 எம்.பி.பி.எஸ். கிடைத்தாலும் 2 மணி 13 நிமிஷம்.

2023 ஜனவரியில் மத்திய அரசு 'பிராட்பேண்ட்' என்ற பெயருக்கே குறைந்தது 2 எம்.பி.பி.எஸ். வேண்டும் என்று வரையறுத்தது. அப்படியானால் வரம்புக்குப் பின் 1 எம்.பி.பி.எஸ்.சில் நொண்டும் லைனுக்கு என்ன பெயர்? பில்லில் மட்டும் பிராட்பேண்ட் என்றே வருகிறது.

எச்சரிக்கைத் தகவலிலும் ஒரு சிக்கல் உண்டு. கனெக்‌ஷன் யார் நம்பரில் பதிவாகி இருக்கிறதோ அந்தப் போனுக்குத்தான் அது போகும். பல வீடுகளில் அது தாத்தாவின் நம்பர், இல்லாவிட்டால் வீட்டு ஓனர் நம்பர். தாத்தா எஸ்.எம்.எஸ். திறந்து பார்ப்பதில்லை. பேரன் ரூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பான். நம்பரை மாற்றிப் பதிவு செய்வது ஐந்து நிமிஷ வேலை.

கம்பி இல்லா நெட்: வரம்பு சிறுசு

கம்பி இழுக்க முடியாத தெருக்களில் மொட்டை மாடியில் பெட்டி வைத்து 5-ஜி சிக்னலில் நெட் கொடுக்கிறார்கள். ஜியோவின் ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19-ந்தேதி முதலில் தொடங்கப்பட்ட எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று.

கொஞ்சமாகப் பார்ப்பவர்களுக்குக் குற்றம் சொல்ல முடியாத வசதி. அதிகமாக உபயோகிப்பவர்களுக்கு ஒத்து வராது. இந்த ரகத்தில் பொதுவாக மாத வரம்பே 1000 ஜி.பி.தான். மேலே சொன்ன குடும்பத்துக்கு அது ஒன்பது நாள் தாங்காது.

ராத்திரி 9 மணி பரீட்சை

வேகம் எவ்வளவு வேண்டும்? 4-கே படத்துக்கு ஒரு டி.வி.க்கு 15 முதல் 25 எம்.பி.பி.எஸ். இருந்தால் தாராளம். இரண்டு டி.வி., ஒரு மீட்டிங், நாலு போன் எல்லாம் சேர்ந்தாலும் 100-க்குள் அடங்கிவிடும். பெரிய பைல்களைத் தினம் ஏற்றி இறக்கும் வீடியோ எடிட்டர் மாதிரி ஆட்களுக்குத்தான் 300-க்கு மேல் தேவை.

வாங்கிய வேகம் முழுசும் வருகிறதா என்பது வேறு சங்கதி. தெருவுக்கு வரும் ஒரு ஃபைபர் இழை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிகிறது. பல இடங்களில் அந்த எல்லா வீட்டுக்கும் சேர்த்து இருப்பது சுமார் 2½ ஜி.பி.பி.எஸ். பகல் 11 மணிக்கு ஆள் வந்து 'ஸ்பீடு டெஸ்ட்' காட்டினால் பறக்கும். கிரிக்கெட் ஓடும் ராத்திரி 9 மணிக்குக் காட்டச் சொல்ல வேண்டும். அதே கம்பெனி லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் அந்த நேரத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

சில வீடுகளில் கம்பெனி மேல் தப்பே இருக்காது. ரூட்டர் டி.வி.க்குப் பின்னால் மரப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். பழைய ரூட்டரின் கேபிள் துவாரம் 100 எம்.பி.பி.எஸ்.சுக்கு மேல் தராது. 300-க்குப் பணம் கட்டி 90 வாங்கும் கொடுமை இப்படித்தான் நடக்கிறது.

ஒன்றா, இரண்டா?

பெரிய கம்பெனிகளில் 100 எம்.பி.பி.எஸ். பிளான் 700, 800 ரூபாய் ரகம். 1 ஜி.பி.பி.எஸ். 4000 ரூபாயை ஒட்டி வருகிறது. நோட்டீசில் போடும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு.

800 ரூபாயில் இரண்டு வெவ்வேறு கம்பெனி லைன் எடுத்தால் வரியோடு 1888 ரூபாய். ஒவ்வொன்றிலும் 3300 என்றால் மொத்தம் 6600 ஜி.பி. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கும். ஒரே 1 ஜி.பி.பி.எஸ். லைன் எடுத்தால் 4720 ரூபாய். வரம்பு அதே 3300 ஆக இருந்தால் யாருக்கு லாபம்?

கேமராவை ஒரு லைனிலும் ஆபீஸ் வேலையை இன்னொரு லைனிலும் போட்டுக்கொள்வது நெட்டை நம்பிப் பிழைக்கும் வீடுகளுக்குச் சரியான வழி.

ஆனால் இதற்குக் குறுக்கே நிற்பது பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடக்கும் ஏகபோகம். ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் கம்பி இழுக்க அனுமதி. வேறு ஆள் வந்தால் வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார். வாடகைக்குப் போகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பதோடு எந்த எந்த கம்பெனி நெட் வரும் என்றும் கேட்டுவிடுவது நல்லது. கட்டிடங்களுக்கு நெட் வசதியைப் பார்த்து நட்சத்திர மதிப்பீடு தரும் விதிகளை 2024 அக்டோபரில் டிராய் வெளியிட்டு இருக்கிறது.

மழை வந்தால்?

சென்னையில் பிளானைப் பார்ப்பதற்கு முன்னால் கம்பி எப்படி வருகிறது என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் லைன், ஒரு மரக்கிளை விழுந்தால் போச்சு. 2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் வந்தபோதும் 2023 டிசம்பரில் மிச்சாங் வெள்ளத்தின்போதும் நகரத்தின் பல பகுதிகள் நெட் இல்லாமல் தவித்தன. மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டும் இடத்தில் பூமிக்கு அடியில் போகும் கம்பிக்கும் இதே கதி.

பழுது பார்க்க வருவது கம்பெனிக்காரர் அல்ல. பல ஏரியாக்களில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டரின் பையன்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவர் எத்தனை தெருவுக்கு ஒரே ஆள் என்று விசாரித்தால் கனெக்‌ஷனின் யோக்கியதை தெரிந்துவிடும். 'ஒரு வருஷப் பணம் கட்டினால் இரண்டு மாசம் இலவசம்' என்பதற்கு மயங்காமல், முதல் மூன்று மாதம் மாதா மாதம் கட்டிப் பார்ப்பது நல்லது.

2024 அக்டோபர் 1-ந்தேதி அமலுக்கு வந்த டிராய் விதிகளின்படி, பணம் கட்டிய 7 நாளுக்குள் 98 சதவீத பிராட்பேண்ட் கனெக்‌ஷன்களைக் கொடுத்தாக வேண்டும். பழுதைச் சரிசெய்ய 3 நாளுக்கு மேல் ஆனால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

"ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்ற பதிலோடு போனை வைத்துவிடாமல், புகார் எண் வாங்க வேண்டும். அதில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு வாடிக்கையாளர்கள் நேரடியாக நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.