உதறாத வேகம்

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இடுப்பெலும்பைப் பதம் பார்த்தே தீரும் என்ற நம்பிக்கை நமக்கும் வெகு நாள் இருந்ததுண்டு. 1945-ல் வெளிவந்த எம்.ஜி. டி.ஸி. வண்டிக்கு முன்னும் பின்னும் கட்டை அச்சு. அதன் மேல் நம் ஊர் வில் வண்டிக்கு உள்ளதைப் போன்ற அடுக்குத் தகட்டு வில். சாலையிலுள்ள கல்லெல்லாம் முதுகிற்குத் தெரியும்!

1962-ல் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனியார் எலான் என்ற வண்டியைக் கொணர்ந்தார்கள். அதன் ஸ்பிரிங்குகளோ மெத்தென்றவை. ஆயினும், வளைவுகளில் அது திரும்பும் நேர்த்தியை இன்றும் நிபுணர்கள் புகழ்கிறார்கள். தரையை விட்டு எழும்பிய சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? மிருதுவான ஸ்பிரிங் சக்கரத்தை மேடு பள்ளத்தோடு இணங்கிப் போக விடுகிறது. துள்ளலை அடக்குவது ஷாக் அப்ஸார்பரின் வேலை. நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசைந்தன. எடையும் சுமார் 700 கிலோதான்.

ஆகையால், வண்டி உதறுகிறதென்று முறையிடும் அன்பர்கள் ஸ்பிரிங்கை மாற்ற ஓட வேண்டாம். முதலில், வண்டி ஓடிச் சூடேறுமுன், டயர்க் காற்று கம்பெனியார் குறித்த அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காகப் பெரிய சக்கரமும் மெலிந்த டயரும் மாட்டியிருந்தால் (அழகு அவரவர் அபிப்பிராயம்!) பழையவற்றையே திரும்பப் போடுங்கள். பிறகு, ஷாக் அப்ஸார்பர் ஓய்ந்துவிட்டதா என்று சோதிக்கலாம். வண்டியைத் தாழ்த்தியிருக்கிறீர்களா? அசைய இடமின்றி அது ரப்பர் முட்டின் மேல் இடித்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் ஸ்பிரிங்கை மிருதுவாக்கினால், இடி இன்னும் பலமாகவே விழும்.